எல்1198எஃப்: கைவிட்ட மருந்து மறுபடி வேலை செய்த ஒரு நுரையீரல் புற்றுநோய்

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆலிஸ் ஷா, ஜெஃப்ரி எங்கல்மேன் குழுவினர் 2015 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருப்பது ஒரே ஒரு நோயாளி. உடலெங்கும் பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட பெண். முதலில் கொடுத்து, பலன் தந்து, பிறகு எதிர்ப்பு உண்டானதால் நிறுத்திய அதே மாத்திரை, நோய் மிக முற்றிய கட்டத்தில் கல்லீரல் செயலிழந்து கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தது. தற்செயலாக எடுத்த முடிவு அல்ல. கட்டியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்ததைப் படித்துவிட்டு, அதன் அடிப்படையில் எடுத்த முடிவு.

ஏஎல்கே என்ற மரபணு கெட்டதால் வரும் 'ஏஎல்கே வகை' நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று ஐந்து, ஆறு மாத்திரைகள் உண்டு. எது முதலில், எது பிறகு என்ற வரிசையை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வரிசையில் ஒன்று தோற்றால் அதை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் வழக்கம். அந்த வழக்கம் எந்த இடத்தில் உடைகிறது என்பதை இந்த ஒரு நிகழ்வு காட்டுகிற அளவுக்குப் பெரிய ஆய்வுகள்கூடக் காட்டியதில்லை.

சிகிச்சை போன வழி

நோயாளியின் கட்டியில் ஏஎல்கே மரபணு இடம்மாறி வேறொரு மரபணுவோடு இணைந்திருந்தது. அதற்கான முதல் மருந்து கிரிசோட்டினிப். நல்ல பலன் கிடைத்தது, பிறகு நோய் திரும்ப வளர்ந்தது. வளர்ந்த கட்டியின் திசுவை எடுத்துப் பார்த்தபோது, ஏஎல்கே புரதத்தின் 1156ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் டைரோசின் உட்கார்ந்திருந்தது. இதைத்தான் சி1156ஒய் என்று எழுதுகிறோம். இரண்டாம் தலைமுறை மருந்தான செரிட்டினிப் கொடுத்தார்கள், கட்டி அசையவில்லை. இடையில் வேறு சிகிச்சைகள். அதன்பின் அப்போது ஆய்வு நிலையில் இருந்த மூன்றாம் தலைமுறை மருந்து லோர்லாட்டினிப். கட்டி சுருங்கியது. சில மாதம் கழித்து அதையும் மீறி வளர்ந்தது.

இங்கேதான் பலர் கோப்பை மூடியிருப்பார்கள். மூன்று தலைமுறை மருந்தும் தீர்ந்தன, கல்லீரல் செயலிழக்கிறது, கீமோ தாங்கும் உடல்நிலை இல்லை. அந்தக் குழு மறுபடி திசு எடுத்து வரிசைப்படுத்தியது, அதாவது அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தது. பழைய சி1156ஒய் அப்படியே இருக்க, கூடவே புதிதாக ஒன்று: 1198ஆம் இடத்தில் லியூசின் போய் ஃபீனைல்அலனின் வந்திருந்தது. எல்1198எஃப். ஆய்வகத்தில் செல்களிலும் புரதத்தின் படிக அமைப்பிலும் சோதித்தபோது, இந்தப் புது மாற்றம் லோர்லாட்டினிப்பைத் தள்ளிவிடுகிறது, ஆனால் கிரிசோட்டினிப்பை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தது. கிரிசோட்டினிப்பைத் திரும்பத் தொடங்கினார்கள். நோயின் அறிகுறிகள் விலகின, கல்லீரல் செயலிழப்பும் சரியானது.

இந்த மாற்றம் அப்படி என்ன செய்கிறது

ஏஎல்கே மரபணுவும் ஈஎம்எல்4 மரபணுவும் இரண்டாவது குரோமோசோமின் குறுங்கையில்தான் இருக்கின்றன. அந்தத் துண்டு தலைகீழாகப் புரண்டு ஒட்டிக்கொண்டால் இரண்டும் இணைந்து ஒரே புரதமாகிவிடும். 2007இல் ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி மானோ குழு இதைக் கண்டுபிடித்தது. ஈஎம்எல்4 பகுதி இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால், ஏஎல்கே பகுதியின் கைனேஸ் (செல்லை வளரச்சொல்லும் நொதி) எந்தக் கட்டளையும் இல்லாமல் எப்போதும் 'ஆன்' நிலையிலேயே இருக்கும். சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 5 சதவீதம் இப்படிப்பட்டவை. புகைபிடிக்காதவர்கள், வயது குறைந்தவர்கள் இதில் அதிகம்.

கைனேஸில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து உட்காரும் ஒரு பள்ளம் உண்டு. மாத்திரைகள் எல்லாம் அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் போட்டிபோடுகின்றன. 1156ஆம் இடம் மருந்தை நேராகத் தொடாது. பள்ளத்துக்கு அருகே அசையும் பகுதியில் இருக்கிறது. அங்கே டைரோசின் வந்தால் பள்ளத்தின் வடிவமும் அசைவும் மாறி, கிரிசோட்டினிப்பின் பிடி தளர்கிறது. 1198 வேறு கதை. அது பள்ளத்தின் கீல் பகுதியிலேயே (கைனேஸின் இரு பாதிகளையும் இணைக்கும் இடம்), மருந்து சாய்ந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது.

லோர்லாட்டினிப் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் இதன் வேடிக்கை புரியும். அது கிரிசோட்டினிப்பிலிருந்தே செதுக்கப்பட்டது. ஃபைசர் வேதியியலாளர்கள் கிரிசோட்டினிப்பின் வடிவத்தை எடுத்து, இரு முனைகளையும் இணைத்து வளையமாக மூடி, மூளைக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாக்கினார்கள். மற்ற கைனேஸ்களைத் தொடாமல் ஏஎல்கேயை மட்டும் பிடிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. பெரும்பாலான கைனேஸ்களில் 1198க்கு இணையான இடத்தில் ஃபீனைல்அலனின் அல்லது டைரோசின் என்ற பெரிய வளைய அமினோ அமிலம் இருக்கும். ஏஎல்கேயில் அங்கே இருப்பது சிறிய லியூசின். அந்தச் சிறு இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டு போகும்படி ஒரு நைட்ரைல் முனையை வைத்தார்கள். பெரிய வளையம் உள்ள கைனேஸ்களில் அந்த முனை இடித்துக்கொள்ளும், ஏஎல்கேயில் இடிக்காது. கட்டி செய்தது என்னவென்றால், அதே இடத்தில் லியூசினை எடுத்துவிட்டு ஃபீனைல்அலனினை வைத்துக்கொண்டது. மருந்தின் தனித்தன்மைக்காகத் தேர்ந்தெடுத்த இடமே அதன் ஓட்டையாகிவிட்டது.

கிரிசோட்டினிப்புக்கு அந்த முனை கிடையாது. முதலில் மெட் என்ற வேறொரு கைனேஸுக்காக வடிவமைத்த மருந்து அது. ஃபீனைல்அலனினின் வளையம் அதற்கு இடைஞ்சலாக இல்லாமல் கூடுதல் ஒட்டுதலாக அமைகிறது. சி1156ஒய் தளர்த்திய பிடியை எல்1198எஃப் இறுக்கிவிடுகிறது; முந்தைய எதிர்ப்பு ரத்தாகிறது.

ஆகவே 'கிரிசோட்டினிப்புக்கு எதிர்ப்பு உண்டாகிவிட்டது' என்று கோப்பில் எழுதியிருந்த வரி எழுதிய நாளில் சரிதான். லோர்லாட்டினிப் கொடுத்து முடித்த நாளில் அது பொய். எதிர்ப்பு என்பது அந்த வாரத்தில் எந்தச் செல்கள் பெரும்பான்மையாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

திசு எடுப்பதில் எங்கே கோட்டை விடுகிறோம்

நோய் திரும்பும்போது முதல் தடவை செய்த சோதனையையே மறுபடி செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. ஏஎல்கேயைக் கண்டறியப் பரவலாகப் பயன்படுவது ஃபிஷ் சோதனை. மரபணுவின் இரு பக்கமும் பச்சை, சிவப்பு என இரண்டு ஒளிரும் துண்டுகள் ஒட்டும்; மரபணு பிளந்திருந்தால் நிறங்கள் பிரிந்து தெரியும், சில செல்களில் பச்சை தொலைந்து சிவப்பு மட்டும் தனியாக நிற்கும். 50 உட்கருக்கள் எண்ணுவார்கள். 25க்கு மேல் பிரிந்திருந்தால் நேர்மறை, 5க்குக் கீழே எதிர்மறை. இடைப்பட்டால் இன்னொருவர் இன்னொரு 50 எண்ணி, இரண்டின் சராசரி 15 சதவீதத்தைத் தொட்டால் நேர்மறை. டி5எஃப்3 என்ற எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் சாயச் சோதனையும் நம்பகமானது, சீக்கிரம் முடியும். இரண்டுக்கும் ஒரே குறை: இணைவு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இந்த நோயாளிக்கு மூன்றாவது தோல்விக்குப் பின் ஃபிஷ் செய்திருந்தாலும் 'ஏஎல்கே நேர்மறை' என்றுதான் வந்திருக்கும். அதனால் எதுவும் தெரியாது. தேவை, கைனேஸ் பகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தல்.

வரிசைப்படுத்தலின் தரம் இயந்திரத்தைவிட ஊசி வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பொறுத்தது. திசுவை 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் உடனே போடவேண்டும். 6 மணிக்குக் குறையாமல், 72 மணிக்கு மிகாமல் ஊறவேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த திசு செவ்வாய் இரவுவரை பாட்டிலிலேயே கிடந்தால் டிஎன்ஏ துண்டுதுண்டாகிவிடும். எலும்பிலிருந்து எடுத்திருந்தால் சுண்ணாம்பை நீக்க அமிலம் ஊற்றக்கூடாது, ஈடிடிஏ என்ற மென்மையான வேதிப்பொருள் கொண்டு மெதுவாக நீக்கவேண்டும். அமிலத்தில் போட்ட எலும்புத் திசுவில் ஸ்லைடு அழகாகத் தெரியும், டிஎன்ஏ மட்டும் இருக்காது. கல்லீரல், நிணநீர்க்கட்டி என்று வேறு இடம் எட்டுமானால் எலும்பைத் தவிர்ப்பதே நல்லது.

இன்னொரு சங்கடம் நுட்பமானது, ரிப்போர்ட்டில் தெரியாது. ஃபார்மலின் டிஎன்ஏவிலுள்ள சைட்டோசினிலிருந்து அமைன் குழுவைக் கழற்றிவிடும். படிக்கும் இயந்திரத்துக்கு அது தைமின்போலத் தெரியும். அதாவது சைட்டோசின் தைமினாக மாறியதுபோல ஒரு போலி மாற்றம், உண்மையில் இல்லாத ஒன்று, பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு) பழசாக ஆக அதிகமாகத் தோன்றும். எல்1198எஃப் என்பது மரபணுவின் 3592ஆம் எழுத்தில் சைட்டோசின் தைமினாவதுதான். நுரையீரல் புற்றுநோயைத் தூண்டும் இன்னொரு மரபணுவான ஈஜிஎஃப்ஆரின் புகழ்பெற்ற டி790எம் மாற்றமும் 2369ஆம் எழுத்தில் அதே வகை. ஆக, மருந்தையே மாற்றச்சொல்லும் இரண்டு முக்கிய மாற்றங்களும் போலி தோன்றுவதற்கு ஏற்ற இடத்தில் இருக்கின்றன. ஐந்து வருடப் பழைய பிளாக்கில் 2 சதவீதம் எல்1198எஃப் என்று வந்தால் அதை வைத்துச் சிகிச்சையை மாற்றக்கூடாது. யுராசில் நீக்கும் நொதியால் டிஎன்ஏவைச் சுத்தம் செய்து மறுபடி படிக்கச் சொல்லலாம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாளக் குறி ஒட்டிப் படிக்கும் முறை இருந்தால் இன்னும் நல்லது. இரத்த மாதிரியிலும் அதே மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

இரத்தத்தில் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. செல்கள் உடையாமல் காக்கும் சிறப்புக் குழாயில், 10 மி.லி. வீதம் இரண்டு, எடுத்தவுடன் எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்க்கவேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடவேண்டும். தாமதமானால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ வழிந்து, கட்டியின் டிஎன்ஏ அதில் கரைந்து காணாமல்போகும். கல்லீரலில் பரவிய நோய் இரத்தத்தில் நிறைய டிஎன்ஏ விடும். மூளையில் மட்டும் வளர்ந்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அதனால் பிளாஸ்மாவில் நேர்மறை என்றால் நம்பலாம். எதிர்மறை என்றால் திசுவுக்குப் போகவேண்டும். ரிப்போர்ட்டில் ஏஎல்கே இணைவுகூடத் தென்படவில்லை என்றால் அந்த மாதிரியில் கட்டியின் டிஎன்ஏவே போதுமான அளவு இல்லை என்று பொருள். 'எதிர்ப்பு மாற்றம் இல்லை' என்று அதைப் படிப்பது பெரும் பிழை.

இரண்டு மாற்றமும் ஒரே இழையிலா?

கிரிசோட்டினிப் திரும்ப வேலை செய்ய, சி1156ஒய்யும் எல்1198எஃப்பும் ஒரே புரதத்தில் இருக்கவேண்டும். ஒரு செல்லில் சி1156ஒய் மட்டும், பக்கத்துச் செல்லில் எல்1198எஃப் மட்டும் என்று இருந்தால், முதல் வகைச் செல்கள் கிரிசோட்டினிப்பைச் சட்டை செய்யாமல் வளர்ந்துகொண்டே போகும். ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். எது எந்த நிலை என்று அந்த வரிகள் சொல்லாது.

முதல் கணக்கு விகிதம். திசுவில் 40 சதவீதம் கட்டிச் செல்கள் என்று வைத்துக்கொண்டால், எல்லாக் கட்டிச் செல்லிலும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மாற்றம் இருந்தால் ரிப்போர்ட்டில் சுமார் 20 சதவீதம் வரவேண்டும். சி1156ஒய் 20, எல்1198எஃப் 18 என்றால் இரண்டும் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் சேர்ந்தே இருக்கின்றன. சி1156ஒய் 20, எல்1198எஃப் 4 என்றால் ஐந்தில் ஒரு பங்குச் செல்களில்தான் புது மாற்றம். கிரிசோட்டினிப் அந்த ஒரு பங்கைத்தான் அடக்கும். கட்டி கொஞ்சம் சுருங்கிப் பிறகு வேகமாக வளரும். 'பார், மறுபடி தோற்றுவிட்டது' என்று மருந்தின் மேல் பழி விழும். (எண்கள் விளக்கத்துக்காக. மரபணுப் பிரதிகள் பெருகியிருந்தால் கணக்கு மாறும்.)

இரண்டாவது, நேரடிச் சான்று. ஒரே மூலக்கூறைப் படித்த ஒரே துண்டில் இரண்டு மாற்றமும் தெரிந்தால் சந்தேகமில்லை. சி1156ஒய் 22ஆம் எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பு உள்ள மரபணுத் துண்டு), எல்1198எஃப் 23ஆம் எக்ஸானில். டிஎன்ஏவில் இடையே ஒரு இன்ட்ரான் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத துண்டு) கிடப்பதால், 150 எழுத்து வீதம் படிக்கும் வழக்கமான முறையில் ஒரே துண்டில் இரண்டும் அகப்படுவதை எதிர்பார்க்க முடியாது. ஆர்என்ஏவில் இன்ட்ரான் வெட்டி எறியப்பட்டிருக்கும். அங்கே இரண்டுக்கும் இடைவெளி 125 எழுத்துதான். ஆகவே ஆய்வகத்துக்கு எழுதும்போதே டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டையும் பிரித்தெடுக்கக் கேட்கவேண்டும். ஆர்என்ஏ இன்னொரு உதவியும் செய்கிறது: எந்த மரபணுவோடு, எந்த இடத்தில் இணைந்தது என்று அதில் தெளிவாகத் தெரியும்.

ஈஜிஎஃப்ஆர் நோயாளிகளில் இதே கேள்வி எளிதாகத் தீரும். டி790எம்முக்கு எதிராகக் கொடுக்கும் ஓசிமெர்ட்டினிப் ஒரு கட்டத்தில் சி797எஸ் மாற்றத்தால் தோற்கும். அந்த மருந்து 797இல் உள்ள சிஸ்டீனோடு நிரந்தரப் பிணைப்பு போடுவது. சிஸ்டீன் போய் செரின் வந்தால் பிணைக்க ஏதுமில்லை. டி790எம்மும் சி797எஸ்ஸும் ஒரே 20ஆம் எக்ஸானில், 20 எழுத்து தள்ளி இருக்கின்றன. எந்தத் துண்டைப் படித்தாலும் இரண்டும் சேர்ந்தே தெரியும். இரண்டும் வெவ்வேறு இழையில் இருந்தால் ஆய்வகச் சோதனையில் முதல் தலைமுறை மருந்தும் ஓசிமெர்ட்டினிப்பும் சேர்ந்து செல்களை அடக்குகின்றன. ஒரே இழையில் இருந்தால் இரண்டுமே வீண். நடைமுறையில் ஒரே இழையில் இருப்பதே அதிகம். ஆய்வகம் கையில் இந்தத் தகவலை வைத்துக்கொண்டே ரிப்போர்ட்டில் எழுதாமல் விடுவது உண்டு. போன் செய்து கேட்டால் மூல வாசிப்பைப் பார்த்துச் சொல்வார்கள். கேட்பவர்தான் குறைவு.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கும்போது

கல்லீரல் செயலிழந்த நோயாளிக்குக் கல்லீரலில் சிதையும் மருந்தைக் கொடுக்க யாருக்கும் கை நடுங்கும். முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி: இரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள்காமாலையைக் காட்டும் நிறமி) ஏறியது நோயாலா, மருந்தாலா, பித்தக்குழாய் அடைப்பாலா, பழைய மஞ்சள்காமாலை வைரஸ் தலைதூக்கியதாலா? ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள் பரவி, குழாய் விரியாமல் இருந்து, வைரஸ் சோதனையும் எதிர்மறை என்றால் நோய்தான் காரணம். அப்போது எல்லா மாத்திரையையும் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது, நோய்க்கு வழிவிடுவதாகும்.

கிரிசோட்டினிப்பின் வழக்கமான அளவு 250 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. பிலிருபின் இயல்பின் மேல் எல்லையைவிட 1.5 மடங்கைத் தாண்டி 3 மடங்குவரை இருந்தால் 200 மி.கி. இரண்டு வேளை. 3 மடங்கையும் தாண்டினால் 250 மி.கி. ஒரே வேளை. கல்லீரல் தேறத் தேற அளவை ஏற்றவேண்டும். குறைத்த அளவிலேயே மறந்து விட்டுவிடுவது நடக்கிறது. முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனை, பிறகு மாதம் ஒன்று. கூடவே இசிஜி. இசிஜியில் கியூடி இடைவெளி (இதயம் ஒரு துடிப்புக்குப் பின் மீண்டும் தயாராகும் நேரம்) நீள்வதும் நாடித்துடிப்பு குறைவதும் இந்த மருந்தின் இயல்பு. நோயாளி ஏற்கெனவே நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறாரா என்று பார்க்கவேண்டும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது பொருள்களின் ஓரத்தில் ஒளிக்கோடு தெரியும். முன்பே சொல்லிவிட்டால் பயப்படமாட்டார்கள்.

மூளையை மறக்கக்கூடாது. லோர்லாட்டினிப் மூளைக்குள் நன்றாகப் போகும், கிரிசோட்டினிப் போகாது. ஒரு நோயாளியிடம் அளந்தபோது இரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 237 நானோகிராம் இருந்த கிரிசோட்டினிப், மூளைத் தண்டுவட நீரில் 0.616 நானோகிராம்தான். கல்லீரல் கட்டியில் எல்1198எஃப் இருக்கலாம். மூளையில் லோர்லாட்டினிப் அடக்கிவைத்திருந்த செல்களில் அது இல்லாமலும் இருக்கலாம். மருந்தை மாற்றும் நாளிலேயே மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்துத் தலைவலி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

நம் நாட்டுக்கு மட்டும் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டு, பிறகு புற்றுநோய் என்று தெரியவரும் நோயாளிகள் இங்கே நிறைய. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிக் கிரிசோட்டினிப்பின் இரத்த அளவை 80 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத கதைதான். அதை 'மரபணு எதிர்ப்பு' என்று தவறாக எழுதுவார்கள். லோர்லாட்டினிப்போடு சேர்ந்தால் இன்னும் மோசம்: ஆரோக்கியமான 12 பேருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்தது. சேர்க்கவே கூடாது. இலக்கு மருந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தோற்றால், வரிசைப்படுத்தலுக்கு எழுதும் முன் நோயாளி கொண்டுவரும் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது இலவசமான சோதனை.

ஒருவரிடம் கண்டது எத்தனை பேருக்குப் பொருந்தும்

எல்1198எஃப் அரிது. 'லோர்லாட்டினிப் தோற்றால் கிரிசோட்டினிப் போட்டுப் பார்க்கலாம்' என்று இந்த நிகழ்விலிருந்து விதி வகுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது வீணாகும். 1202ஆம் இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வரும் ஜி1202ஆர் மாற்றம்தான் இரண்டாம் தலைமுறை மருந்துகளுக்குப் பிறகு அதிகம் காணப்படுவது. அதற்குக் கிரிசோட்டினிப் பயனில்லை, லோர்லாட்டினிப்தான் பதில். இணைவு எந்த இடத்தில் நடந்தது என்பதும் இதைப் பாதிக்கிறது: ஈஎம்எல்4இன் 6ஆம் எக்ஸான் ஏஎல்கேயின் 20ஆம் எக்ஸானோடு சேரும் 'வகை 3' கட்டிகளில் ஜி1202ஆர் அடிக்கடி வருகிறது, 13ஆம் எக்ஸான் சேரும் 'வகை 1'இல் அரிதாகவே வருகிறது. முதல் நாள் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று குறித்துவைத்தால், இரண்டு வருடம் கழித்து எதை எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு தெரியும்.

மருந்தின் வலிமைக்கும் மாற்றத்தின் வகைக்கும் தொடர்பு உண்டு. கிரிசோட்டினிப் தோற்றவர்களில் சுமார் 20 சதவீதம் பேரிடம்தான் ஏஎல்கேயில் மாற்றம் காணப்படுகிறது. மற்றவர்களிடம் மருந்தின் வலு போதாமை, மூளைக்குள் போகாமை, வேறு பாதைகள். இரண்டாம் தலைமுறை மருந்துகளுக்குப் பிறகு பாதிக்கு மேற்பட்டவர்களிடம் மாற்றம் தென்படுகிறது. லோர்லாட்டினிப்பின் இரண்டாம் கட்ட ஆய்வில், இரண்டாம் தலைமுறை மருந்து தோற்றவர்களைத் திசுச் சோதனைப்படி பிரித்துப் பார்த்தார்கள். ஏஎல்கே மாற்றம் இருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. இல்லாதவர்களில் 27 சதவீதம்தான். மாற்றம் தெரிந்தால் கட்டி இன்னும் ஏஎல்கேயை நம்பித்தான் வாழ்கிறது. தெரியாவிட்டால் வேறு வண்டியில் ஏறிவிட்டது. 'எதிர்ப்பு மாற்றம்' என்று கேட்டதும் நோயாளியின் முகம் வாடுகிறது. இந்த நோயில் பல சமயம் அது நல்ல சேதி.

வேறு வண்டிகளில் ஒன்று மெட் மரபணு பெருகுவது. இரண்டாம் தலைமுறை மருந்துக்குப் பின் எடுத்த திசுக்களில் 12 சதவீதத்திலும், லோர்லாட்டினிப்புக்குப் பின் எடுத்தவற்றில் 22 சதவீதத்திலும் இது காணப்பட்டிருக்கிறது. கிரிசோட்டினிப் பிறந்ததே மெட்டுக்காக என்பதால், இங்கே அது லோர்லாட்டினிப்போடு சேர்ந்து இரண்டாவது வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. எல்1198எஃப் இல்லாதவரிடமும் பழைய மாத்திரைக்கு வேலை இருக்கலாம். காரணம் மட்டும் வேறு. மெட் பெருக்கத்தைப் பிளாஸ்மா சோதனை தவறவிடும் வாய்ப்பு அதிகம், அதற்கும் திசுதான் வேண்டும்.

இன்று வரிசை மாறிவிட்டது. கிரிசோட்டினிப்பை முதலில் கொடுப்பது குறைந்து, இரண்டாம் தலைமுறை மருந்தான அலெக்டினிப்பும் லோர்லாட்டினிப்பும் முதலிடத்துக்கு வந்துவிட்டன. லோர்லாட்டினிப்பையும் கிரிசோட்டினிப்பையும் முதல் மருந்தாக ஒப்பிட்ட கிரவுன் ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் நோய் வளராமல் இருந்தவர்கள் லோர்லாட்டினிப் பிரிவில் 60 சதவீதம், கிரிசோட்டினிப் பிரிவில் 8 சதவீதம். இதற்குமேல் வாதம் வேண்டியதில்லை. பாஸ்டன் நோயாளியிடம் கண்டது முதல், இரண்டாம், மூன்றாம் தலைமுறை என்று படிப்படியாக ஏறியதால் வந்த விளைவு. ஒவ்வொரு படியிலும் ஒரு மாற்றம் நின்று, அதன்மேல் அடுத்தது ஏறி, ஒரே புரதத்தில் இரட்டை மாற்றமாயிற்று. லோர்லாட்டினிப்பையே முதலில் பெற்றவர்களிடம் ஒற்றை ஏஎல்கே மாற்றத்தால் வரும் எதிர்ப்பு அரிதாகவே காணப்படுகிறது. வேறு பாதைகள் மேலோங்குகின்றன. ஆகவே எல்1198எஃப்பை இனி நாம் தேடவேண்டியது, செலவு காரணமாகவோ கிடைக்காததாலோ பழைய வரிசையில் மருந்து வாங்கியவர்களிடம்தான். அவர்கள் கையில் இரண்டு, மூன்று ஊர் ஆய்வகங்களின் ரிப்போர்ட்டுகளும், வீட்டு அலமாரியில் பழைய பிளாக்குகளும் இருக்கும். பிளாக்கின்மேல் தேதியையும், அதை எடுத்த நாளில் நோயாளி எந்த மாத்திரையில் இருந்தார் என்பதையும் பென்சிலில் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்து வரிசைப்படுத்துபவருக்கு எந்தப் பிளாக்கை வெட்டுவது என்பதில் குழப்பம் இருக்காது.